அணையும் கணினி சொல்வது என்ன?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது படப்பை. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்த ஊர், இன்று ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தில் பணியாற்றும் பலரது குடியிருப்பாகிவிட்டது. மின்னணுச் சாதனங்களுக்கும் இந்த வட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2007இல் டெல் நிறுவனத்தின் கணினி ஆலை வந்தது. நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டாலும், இன்று ஐபோன்கள் இங்கிருந்தும் உலகச் சந்தைக்குச் செல்கின்றன.

கணினியை உருவாக்கும் இதே வட்டாரத்தில், வீட்டில் இருக்கும் கணினி திடீரென்று அணைந்துபோனால் என்ன நடக்கிறது? யாரோ ஒருவர் ‘வைரஸ்’ என்கிறார். இன்னொருவர் ‘மதர்போர்டு போய்விட்டது’ என்கிறார். கடைக்கு எடுத்துச் சென்றால், முதலில் ‘ஃபார்மட்’ செய்யப்படுகிறது. பிறகு எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்படுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் கணினி மறுபடியும் அணைகிறது. சில ஆயிரம் ரூபாய் செலவான பின்னர், ‘பழைய கணினி இனி தேறாது’ என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடுகிறது.

இது சிறிய விஷயம் அல்ல. ஒரு குடும்பத்துக்கு ஒரே கணினி என்பதே பல வீடுகளின் நிலைமை. பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவிடச் சில நாள்களே தரப்படுகின்றன. அரசுத் தேர்வுகளுக்கான விண்ணப்பம், கல்லூரித் திட்ட அறிக்கை, வீட்டிலிருந்தே பார்க்கும் கணக்கு எழுதும் வேலை என எல்லாம் அந்த ஒரு பெட்டியை நம்பியே இருக்கின்றன. எனவே, கணினி ஏன் அணைகிறது, காரணத்தை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும் அறிவு.

தற்காப்பா, பழுதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கணினி அணைவது எல்லா நேரத்திலும் பழுது அல்ல. பெரும்பாலும் அது தற்காப்பு. 2001இல் ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ என்னும் கணினி இதழ் ஒரு சோதனையைக் காணொளியாக வெளியிட்டது. இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் மீதிருந்த வெப்பத்தணிப்பான் அகற்றப்பட்டது. ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் செயலி சில நொடிகளில் கருகிப்போனது. இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. செயலிக்குள் இருந்த வெப்ப உணரியே அதைக் காப்பாற்றியது.

இன்று ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வெப்பநிலை சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி முதலில் வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறி வெப்பம் ஏறினால், மின்சாரத்தை உடனடியாகத் துண்டித்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் அப்படியே. அளவுக்கு மீறிய மின்னோட்டமோ குறுக்குச் சுற்றோ ஏற்பட்டால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆக, அணைதல் என்பது நோயின் அறிகுறி. காய்ச்சலை மட்டும் தணித்துவிட்டு நோயை விட்டுவிடுவதுபோல, காரணம் அறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

ஆலையில் கற்ற பாடம்

காரணத்தைத் தேடும் முறை, ஒரகடத்தின் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. 2010இல் ரெனோ - நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என வரிசையாக வாகன ஆலைகள் வந்த பகுதி இது. வாகனத் தொழிலில் பரவலாகக் கற்றுத்தரப்படும் ஒரு வழிமுறை, ‘ஐந்து முறை ஏன் என்று கேள்’ என்பது. டொயோட்டா நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ 1978இல் வெளியிட்ட தமது நூலில் இதை விளக்கக் கையாண்ட உதாரணமே, திடீரென்று நின்றுபோன ஓர் இயந்திரம்தான்.

இயந்திரம் ஏன் நின்றது? சுமை அதிகமாகி ஃபியூஸ் போனது. சுமை ஏன் அதிகமானது? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பொருத்தப்படாததால் உலோகத் துகள்கள் உள்ளே போய்விட்டன. முதல் கேள்வியோடு நிறுத்தியவர் ஃபியூஸை மாற்றியிருப்பார். சில நாள்களில் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். ஐந்தாவது கேள்விவரை போனவர் வடிகட்டி பொருத்துவார்.

வீட்டுக் கணினியில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் மாற்றுவது, பல நேரங்களில் ஃபியூஸை மட்டும் மாற்றுவதற்குச் சமம். ஆலையில் நின்றுபோன இயந்திரத்துக்கு முன்னால் நின்று காரணம் தேடும் அதே நிதானம் வீட்டிலும் தேவை.

‘எப்போது’ என்ற கேள்வி

எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், ‘எப்படி அணைகிறது, எப்போது அணைகிறது’ என்று கேட்க வேண்டும். விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

எப்படி என்பதில் நான்கு வகைகள் உண்டு. முதல் வகை, பிளக்கைப் பிடுங்கியதுபோல ஒரே நொடியில் திரை இருண்டு, விசிறிகளும் நின்றுவிடுவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம் அல்லது வெப்பம். இரண்டாவது, தானாக அணைந்து தானாகவே மீண்டும் தொடங்குவது. நொடிப்பொழுது மின்தடையாலும் இது நேரலாம். மென்பொருள் நிலைகுலைவாலும் நேரலாம். விண்டோஸ் இயங்குதளம் நிலைகுலையும்போது தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த அமைப்பை நிறுத்திவைத்தால், நீலத்திரையில் தோன்றும் பிழைச் செய்தியை நிதானமாகப் படிக்கலாம். மூன்றாவது, ‘ஷட்டிங் டவுன்’ என்று அறிவித்துவிட்டு முறைப்படி அணைவது. இங்கே ஏதோ ஒரு நிரலோ, தானியங்கிப் புதுப்பிப்போ, மடிக்கணினியாக இருந்தால் பேட்டரி தீர்ந்த எச்சரிக்கையோ கட்டளை இட்டிருக்கிறது என்று பொருள். நான்காவது, அணையாமல் அப்படியே உறைந்து நிற்பது. இதில் ராம், வட்டு, மென்பொருள் மூன்றையும் சந்தேகிக்கலாம்.

‘எப்போது’ என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வாரத்துக்கு, கணினி அணையும் ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, வீட்டில் அப்போது ஓடத் தொடங்கிய பிற சாதனம், கணினி போட்டு எவ்வளவு நேரம் ஆனது ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் அல்லது ஏ.சி. போடும் கணத்தில் அணைந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மீது. போட்ட இருபது நிமிடத்துக்குப் பிறகு, அதுவும் நண்பகலில் அணைந்தால் வெப்பத்தின் மீது. விளையாட்டோ காணொளித் தொகுப்போ ஓடும்போது மட்டும் அணைந்தால், வெப்பம், எஸ்.எம்.பி.எஸ். இரண்டின் மீதும். போட்ட நான்கைந்து நொடிகளில் ஒவ்வொரு முறையும் அணைந்தால், முதலில் பார்க்க வேண்டியது முகப்பிலுள்ள பொத்தானை. அந்தப் பொத்தானைச் சுமார் நான்கு நொடிகள் அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணைய வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. அழுக்கேறிய பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கணினி கருதும்.

கணினியும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்த்ததும், மின்சாரக் கோளாறு உறுதியாகிவிட்டதாகப் பலர் முடிவு கட்டுகிறார்கள். அது சரியல்ல. ‘கடந்த முறை முறைப்படி அணைக்கப்படவில்லை’ என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அது தரும் தேதியும் நேரமும், கணினி மீண்டும் தொடங்கியபோது பதிவானவை. நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

தேடலை எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கி நடத்த வேண்டும். சுவரிலுள்ள பிளக் பாயின்ட், அதன் பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., கணினிப் பெட்டியின் வெளிப்புறம், கடைசியாக உட்புறம். செலவில்லாததும் எளியதும் முதலில். விலை மிகுந்தது கடைசியில்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 அலைகள். மின்னழுத்தம் இந்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வரையறுத்தன. அதாவது, ஏறக்குறைய 216 முதல் 244 வோல்ட்வரை. இந்த வரம்புக்கு வெளியே போனாலும் இன்றைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள் பல தாக்குப்பிடிக்கும். 100 முதல் 240 வோல்ட்வரை ஏற்பதாக அவற்றின் மீதே எழுதியிருப்பதைக் காணலாம். சீராகக் குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் கணினியால் தாங்க முடியாதது, இடையில் விழும் வெட்டு.

ஏன்? எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். வெளியே மின்சாரம் நின்றால், முழுச் சுமையில் அந்தச் சேமிப்பு சுமார் 16 மில்லி விநாடிகளுக்கே வரும். நம் மின்சாரத்தின் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 20 மில்லி விநாடி. ஓர் அலை முழுதாக விடுபட்டால்கூடக் கணினி அணைந்துவிடலாம். அதே நொடியில் மின்விசிறி தன் சுழல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டுவதோடு சரி. ‘வீட்டில் கரன்ட் இருந்தது, கணினி மட்டும் அணைந்தது’ என்று மக்கள் சொல்வதன் விளக்கம் இதுதான்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 2012இல் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் பல வீடுகளின் அத்தியாவசியப் பொருளானது. மின்வாரிய இணைப்பிலிருந்து பேட்டரிக்கு மாற அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் அது பொருட்டல்ல, கணினிக்குப் பொருட்டு. பல இன்வெர்ட்டர்களில் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என இரு நிலைகள் கொண்ட சிறு சுவிட்ச் இருக்கும். அதை ‘யு.பி.எஸ்.’ நிலையில் வைத்தால், மாறும் நேரம் கணிசமாகக் குறையும். மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலை மின்சாரத்தைச் சில புதிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்குவதும் இதற்குத் தீர்வல்ல. அது மின்னழுத்தத்தின் அளவைச் சரிசெய்யும். அறுந்த அலையை ஒட்டவைக்காது.

கணினிக்கென்றே தனி யு.பி.எஸ். இருந்தும் அணைகிறதென்றால், யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டு, யு.பி.எஸ். இணைப்பைச் சுவரில் நிறுத்திப் பாருங்கள். கணினி ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் உடனே அணைந்தால், குற்றவாளி கணினி அல்ல.

தளர்ந்த பிளக் பாயின்ட், கருத்துப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியையும் கணினியையும் சேர்த்துப் போடும் வழக்கம் ஆகியவை அடிக்கடி காணும் காரணங்கள். இங்கே படப்பை போன்ற ஊர்களுக்கே உரிய ஒரு கவலையும் இருக்கிறது. தொழிலாளர்களின் வருகையை ஒட்டி, வாடகைக்கென்று வேகமாக எழுப்பப்பட்ட வரிசை வீடுகளில் எர்த் இணைப்பு முறையாக இருக்கிறதா என்பதைக் குடிவருபவர் கேட்பதே இல்லை. கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று கூச்சம் ஏற்பட்டால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வாயிலிலுள்ள வடிகட்டிச் சுற்று, எர்த் இல்லாதபோது பெட்டியின் உலோகத்தில் ஏறக்குறையப் பாதி மின்னழுத்தத்தை, மிகக் குறைந்த மின்னோட்டத்துடன் விட்டுவைக்கும். அந்தக் கூச்சம், வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கை. கணினியை மாற்றினாலும் அது போகாது; உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்தால்தான் போகும். கணினியில் மட்டுமல்லாது, வீடு முழுக்க விளக்குகள் சில மங்கியும் சில மிகப் பிரகாசமாகவும் எரிந்தால், நியூட்ரல் இணைப்பில் கோளாறு இருக்கலாம். அப்போது எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

வெப்பமும் தூசியும்

சுவரில் குறையில்லை என்றால், அடுத்த சந்தேகம் வெப்பம். கணினியின் குளிரூட்டி அறையின் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை 10 டிகிரி சூடானால், செயலியும் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகச் சூடாகும். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட கோடையில், மேலே கூரைத் தகடோ வெயில் காயும் தளமோ உள்ள அறையில், குளிர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? டிசம்பரில் நன்றாக ஓடிய கணினி மே மாதத்தில் அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

கனரக வாகனங்கள் இடைவிடாது ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் இதனுடன் தூசியும் சேர்கிறது. செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோலப் படிந்துவிட்டால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று உள்ளே புகாது. ஓனோவின் வரிசையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கணினி ஏன் அணைந்தது? செயலி சூடானது. ஏன்? காற்றோட்டம் இல்லை. ஏன்? தூசி அடைத்திருக்கிறது. ஏன்? கணினி தரையில், வாசல் கதவின் அருகே இருக்கிறது. தூசியைத் துடைப்பது அரைத் தீர்வு. கணினியை மேசை மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது முழுத் தீர்வு.

சுத்தம் செய்யும்போது சில விதிகள் உண்டு. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, சில நிமிடம் காத்திருந்த பிறகே பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். புளோயரால் ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அது கெடலாம். ஈரத்துணி கூடாது. பல ஆண்டுகள் ஆன கணினியென்றால், செயலிக்கும் உலோகத் தணிப்பானுக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதைப் புதுப்பிக்கச் செலவு மிகக் குறைவு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளேயுள்ள மின்தேக்கியில் அது சற்று நேரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

மடிக்கணினியில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. பேட்டரி 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால், பேட்டரி மூப்படைந்துவிட்டது என்று கொள்ளலாம். அது உப்பியிருந்தால், அதன் பிறகு ஒரு முறைகூட சார்ஜ் செய்யக் கூடாது.

பெட்டிக்குள்ளே

இவ்வளவுக்குப் பிறகும் அணைந்தால்தான் பாகங்களின் முறை வருகிறது. அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ராமையும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் ஒரே நாளில் மாற்றினால், எது காரணம் என்பது என்றைக்கும் தெரியாது. இரண்டு ராம் பலகைகள் இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிறகு மற்றதை. விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை இரவு முழுக்க ஓட விடலாம்.

எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் வந்தால், புதிதாக வாங்குவதற்கு முன், நன்றாக ஓடும் இன்னொன்றைக் கடையில் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாங்கும்போது பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் தரும் என்பதைப் படித்து, இரண்டையும் பெருக்க வேண்டும். 450 வாட் என்று சொல்லும் பெட்டி, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான் தருமென்றால், செயலிக்கும் திரை அட்டைக்கும் கிடைப்பது 192 வாட் மட்டுமே.

தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடிட்டோ, பழுப்பு நிறத்தில் கசிந்தோ இருந்தால் பலகையின் ஆயுள் முடிகிறது. 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் பல நிறுவனங்களின் கணினிகள் இப்படிக் கெட்டன. 2003 மே முதல் 2005 ஜூலைவரை டெல் அனுப்பிய சுமார் 1.18 கோடி கணினிகள் இந்த அபாயத்தில் இருந்ததாக, நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு 2010இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அந்தக் கணினிகளின் சீரமைப்புக்காக நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை வருவதற்கு முந்தைய கதை இது. பயனர் தன் வீட்டு மின்சாரத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில், காரணம் சில ரூபாய் மதிப்புள்ள ஓர் உருளைக்குள் இருந்தது. எல்லாக் குற்றமும் பயனருடையது அல்ல என்பதற்கு இது சான்று.

ஃபார்மட் என்பது இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டிய ஒன்று. நீலத்திரை தோன்றும் வகையில் அதற்குப் பயன் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கியதுபோல அணையும் கணினிக்கு ஃபார்மட் செய்வது, மின்தடைக்கு விளக்கை மாற்றுவதுபோல. ஆனால், அது குடும்பத்தின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அழித்துவிடும். அதனால், கணினி முதன்முறை அணைந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியக் கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளிவட்டிலோ நகலெடுத்து வைப்பது. ஒவ்வொரு திடீர் அணைப்பும் எழுதிக்கொண்டிருந்த கோப்பைச் சிதைக்கக்கூடும்.

கருகல் வாசனை, தீப்பொறி, புகை ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மேற்சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. பல லட்சம் குடும்பங்களின் முதல் கணினி அதுதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. கருவியைக் கொடுப்பதுடன், அதைப் பேணும் அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே இத்தகைய திட்டங்களை முழுமையாக்கும். நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருந்தால், பெரும்பாலான வீண்செலவைத் தவிர்க்கலாம்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் நலத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால், வீட்டுக்குப் பக்கத்தில் நேர்மையாகவும் முறையாகவும் சோதித்துச் சொல்லும் ஆள் இல்லையென்றால், உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில், பாகங்களை மாற்றக் கற்றுத்தருவதோடு காரணத்தைத் தேடி எழுதிக்காட்டும் பயிற்சியையும் தர வேண்டும். கணினிக் கடைகளும் ‘என்ன சோதித்தோம், என்ன கண்டோம்’ என்பதை ரசீதில் எழுதித் தரும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். வாடிக்கையாளர் அதைக் கேட்டுப் பெறப் பழக வேண்டும். வாடகை வீடுகளின் எர்த் இணைப்பை உள்ளாட்சி அமைப்புகளும் மின்வாரியமும் சேர்ந்து ஆய்வு செய்வது, கணினியை மட்டுமல்ல, உயிர்களையும் காக்கும்.

அதற்கெல்லாம் முன்பாக, இன்று மாலையே ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியவை மூன்று: கோப்புகளை நகலெடுப்பது, கணினியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுவது, அது அணையும் நேரத்தை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குவது. ஒரு வாரம் கழித்து அந்த நோட்டுடன் கடைக்குச் செல்லும் வாடிக்கையாளரிடம், ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.